புது பேட்டரி வாங்கும் முன் அந்த மூன்று மஞ்சள் வயரைப் பாருங்கள்

காலையில் பைக்கின் செல்ஃபை அழுத்தினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. ஹாரன் தொண்டை கட்டியது மாதிரி இழுக்கிறது, இண்டிகேட்டர் மின்னாமல் மங்கலாக அப்படியே நிற்கிறது. உடனே நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான், பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டி புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிவிடுவோம். இரண்டு மூன்று மாதம் நன்றாக ஓடும், அப்புறம் அதே டக் டக். நான் ஒரே வருடத்தில் இப்படி இரண்டு பேட்டரி வாங்கினேன். இரண்டுமே நல்ல பேட்டரிகள். கோளாறு இருந்தது வேறொரு இடத்தில், விரல் நகம் அளவுக்கு. அந்த இடத்தை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தாமிரபரணி கரையை விட்டு ஊருக்குள் வந்த அந்த இரண்டு நாளும் என் வண்டி ஜங்ஷன் பக்கம் ஒரு வீட்டு வாசலில் இன்ஜின் மூழ்க நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஆயில் மாற்றினோம், பிளக்கைத் துடைத்தோம், ஏர் ஃபில்டரை மாற்றினோம், வண்டி ஓடிவிட்டது. வயரிங்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வயரோடு வயரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் கப்ளருக்குள் போன சேற்றுத் தண்ணீர் உடனே எதுவும் செய்யாது, மெதுவாகப் பச்சைப் பூசணம் மாதிரி செம்பைத் தின்னும். அடுத்த சில மாதங்களில்தான் கணக்குத் தீர்க்க ஆரம்பிக்கும். அந்த வெள்ளத்தில் நின்ற வண்டி உங்களிடம் இன்னும் இருந்தால் முதலில் கப்ளர்களைத்தான் பாருங்கள்.

அதற்கு முன் விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம ஊர் பாசனம் மாதிரிதான். இன்ஜினுக்குள் காந்தம் சுற்ற, அதன் நடுவில் இருக்கும் மேக்னட் காயிலில் கரண்ட் உண்டாகிறது, அதுதான் அணை. அந்தக் கரண்ட் ஏ.சி. வகை, பேட்டரிக்கு ஆகாது. அதை டி.சி.யாக மாற்றி, அளவுக்கு மேல் போகாமல் மதகு மாதிரி பிடித்து விடுவது ஆர்.ஆர். (ரெக்டிஃபையர் ரெகுலேட்டர்) யூனிட், அலுமினியத் தகடு தகடாக இருக்குமே, அதுதான். பேட்டரிதான் குளம். நடுவில் ஓடும் வயர்களும் கப்ளர்களும் வாய்க்கால். குளம் வற்றிக் கிடந்தால் பாளையங்கால்வாயில் தண்ணீர் வருகிறதா, எங்கே அடைத்திருக்கிறது என்றுதானே பார்ப்போம், புதுக் குளம் வெட்ட மாட்டோமே. வண்டியில் மட்டும் நேராகக் குளத்தை மாற்றிவிடுகிறோம்.

தேவையான சாமான் அதிகமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஒரு துண்டு உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், டார்ச். மீட்டரை ஒரு தடவை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் கிடக்கும், ஒரு பேட்டரி விலையில் பாதி கூட இருக்காது.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடும் முன், மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். 12.6 முதல் 12.8 வரை காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் காலி. இதோடு நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் உள்ளே செத்துப்போன பேட்டரியும் சும்மா நிற்கும்போது 12.5 காட்டி ஏமாற்றும். மீட்டரை வைத்தபடியே செல்ஃப் அடியுங்கள். அந்த நொடியில் வோல்ட் இறங்கும், ஒன்பதரை பத்துக்குக் கீழே போகாமல் நின்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. முழுசாகச் சார்ஜ் ஏற்றிய பிறகும் 7, 8 என்று விழுந்தால் பேட்டரியின் காலம் முடிந்தது, அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவதோடு வேலை முடியவில்லை, அது ஏன் செத்தது என்றும் பார்க்க வேண்டும்.

அளக்கும்போது இன்னொன்றும் செய்யுங்கள். மீட்டரின் முனையை முதலில் பேட்டரியின் ஈய முளையிலேயே வைத்துப் பாருங்கள், அடுத்து அதில் மாட்டியிருக்கும் வயர் முனையில் வைத்துப் பாருங்கள், இரண்டு தடவையும் செல்ஃப் அடித்து. இரண்டுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் வந்தால் போல்ட் லூசாக இருக்கிறது, இல்லை நடுவில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருக்கிறது. கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது பாசிட்டிவை முதலில் மாட்டுங்கள். மாறிச் செய்தால் ஸ்பேனர் சேசிஸில் பட்டுத் தீப்பொறி பறக்கும். உப்பை வெந்நீரில் கொஞ்சம் ஆப்ப சோடா கலந்து பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் பளபளப்பாக்கி, போல்டை முறுக்கிய பிறகு மேலே லேசாக வாசலின் தடவுங்கள். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இதை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்வது நல்லது, உப்புக்காற்று அங்கே எதையும் விட்டுவைப்பதில்லை.

தண்ணீர் ஊற்றும் பழைய வகை பேட்டரி என்றால் ஒவ்வொரு அறையிலும் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அதில் கரைந்திருக்கும் உப்புகள் தகட்டைக் கெடுத்துவிடும். ஆசிட் ஊற்றவே வேண்டாம், ஆவியாகிப் போவது தண்ணீர்தான்.

சரி, பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது, இப்போது முக்கியமான அளவு. வண்டியை ஸ்டார்ட் செய்து பேட்டரி முளைகளில் மீட்டரை வையுங்கள். ஐடிலிங்கில் 13க்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று காட்டும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெதுவாக ரேஸ் கொடுத்து நாலாயிரம், ஐயாயிரம் ஆர்.பி.எம். வரைக்கும் கொண்டுபோங்கள். ஹெட்லைட் எரிய வேண்டும் (2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் அது தானாகவே எரியும்). பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வரைக்கும் ஏறி அங்கேயே நிற்க வேண்டும். நின்றால் சார்ஜிங் சரியாக இருக்கிறது, கோளாறு பேட்டரியிலோ, நிறுத்தி வைத்திருக்கும்போது திருட்டுத்தனமாகக் கரண்ட் குடிக்கும் ஏதோ ஒன்றிலோ இருக்கிறது. ரேஸ் கொடுத்தும் 12.5, 12.8 என்று ஏறாமல் கிடந்தால், இல்லை ரேஸ் கொடுக்கக் கொடுக்க இறங்கினால், வாய்க்காலில் அடைப்பு, இல்லை அணையிலோ மதகிலோ கோளாறு. 15ஐத் தாண்டிப் போனால் மதகு உடைந்திருக்கிறது.

என் வண்டியில் 12.7. இரண்டாவது பேட்டரியும் இறங்கி, மூன்றாவது வாங்கலாம் என்று பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில் போய் நின்றபோது அந்த அண்ணாச்சி சொன்னது இது: "தம்பி, பேட்டரிய இப்பமே வித்துருவேன், ரெண்டு நிமிச வேல. ஆனா அடுத்த வருசமும் இங்கதான் வந்து நிப்பீய. மொதல்ல சீட்டக் கழத்துங்க." சீட்டைக் கழற்றி, ஆர்.ஆர். யூனிட்டுக்குப் போகும் வயர் கட்டைப் பின்பற்றிப் போய், மூன்று மஞ்சள் வயர் சேரும் வெள்ளைக் கப்ளரைப் பிடித்து இழுத்தார். லேசில் வரவில்லை. வந்தபோது பார்த்தால், உள்ளே இருக்கும் மூன்று உலோகப் பின்களில் இரண்டு பளிச்சென்று இருந்தன, மூன்றாவது கறுத்துப் போயிருந்தது, அதைச் சுற்றி பிளாஸ்டிக் கருப்பட்டி நிறத்தில் உருகி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. மோந்து பாருங்கள் என்று என் மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினார், எரிந்த வாடை.

அது ஏன் அப்படி ஆகிறது என்பது எளிய கணக்குதான். பூசணம் பிடித்த பின்னில் தடை கூடுகிறது, அரை ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியே ஆறு ஆம்பியர் போனால் ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் அரை, 18 வாட் சூடு அந்த ஒரு பின்னில் பிறக்கிறது. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை மூடிய கப்ளருக்குள் செருகி வைத்த மாதிரி. சூட்டில் பின் இளகும், இளகினால் தடை இன்னும் கூடும், அது இன்னும் சூட்டைக் கூட்டும், கடைசியில் ஒரு வயர் முழுசாக விட்டுப்போகும். மூன்றில் ஒன்று போனால் மிச்சம் இரண்டுக்கு நடுவில் வரும் ஒற்றை வரத்துதான் பேட்டரிக்குப் போகும், ஹெட்லைட்டும் இன்ஜினும் தின்றது போக ஒன்றும் மிஞ்சாது. வண்டி ஓடும், அதனால் நமக்குச் சந்தேகமே வராது.

ஆகவே மீட்டரை எடுக்கும் முன்பே கண்ணால், விரலால், மூக்கால் பார்த்துவிடுங்கள். காயிலில் இருந்து வரும் கப்ளர், ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளர், மெயின் ஃபியூஸ், பேட்டரியில் இருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் வயர், இந்த நான்கையும். ஹேண்டில் திரும்பும் இடத்தில் வயர் கட்டு உராய்ந்திருக்கிறதா என்பதையும். நம்ம பக்கத்தில் நான் பார்த்தவரைக்கும் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடுகிறது.

கப்ளர் கருகியிருந்தால் பின்னைச் சுரண்டித் திரும்பச் செருகாதீர்கள், சூடு ஏறிய பின்னுக்குப் பிடிமானம் திரும்ப வராது. கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, செம்பு சிவப்பாகத் தெரியும் வரைக்கும் வயரை உரியுங்கள். உள்ளே கறுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள். புதுக் கப்ளரும் பின்னும் போட்டு நன்றாக நசுக்கிப் பிடிக்க வைக்கலாம். இல்லை, மூன்று வயரையும் நேராக முறுக்கி ஈயம் வைத்து ஒட்டி, தனித்தனியாக ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டிச் சுருக்கிவிடலாம். வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றிவிடுவது ஒரு மழைக்குத்தான் தாங்கும். மூன்று மஞ்சளுக்குள் எது எதோடு சேர்ந்தாலும் பரவாயில்லை, ஆர்.ஆர். யூனிட்டுக்கு அதில் வித்தியாசம் இல்லை, மற்ற வயர்களோடு மட்டும் மாறிவிடக் கூடாது. சில வண்டிகளில் வயரின் நிறம் வேறாக இருக்கும், ஒரே நிறத்தில் மூன்று தடித்த வயர் என்று தேடினால் கிடைத்துவிடும்.

கப்ளர் சுத்தமாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லையா, காயிலைப் பாருங்கள். கப்ளரைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஓம் 200இல் வைத்து, காயில் பக்கத்து மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாக அளந்து பாருங்கள்: முதலும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், முதலும் மூன்றாவதும். மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், பொதுவாக ஒரு ஓமுக்கு உள்ளேயே இருக்கும். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு முனையை இன்ஜின் மேல் பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்து, மற்றதை ஒவ்வொரு மஞ்சளிலும் வையுங்கள். எந்த அளவும் காட்டக் கூடாது. ஏதாவது அளவு காட்டினால் காயிலின் சுற்று உருகி இரும்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஓம் அளவு சரியாக இருந்தாலும் காயில் நல்லது என்று சத்தியம் செய்ய முடியாது, அதனால் ஓடவிட்டும் பார்க்க வேண்டும். கப்ளர் கழன்றே இருக்கட்டும், மீட்டரை ஏ.சி. 200 வோல்ட்டில் வையுங்கள், வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள், பேட்டரியில் சார்ஜ் இருப்பதால் கொஞ்ச நேரம் ஓடும். ஐயாயிரத்துக்கு ரேஸ் கொடுத்து, அதே மூன்று ஜோடிகளை அளந்து பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறும், 40இல் இருந்து 70 வோல்ட் வரைக்கும் பார்க்கலாம். எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். இரண்டு ஜோடியில் 50உம் மூன்றாவதில் 20உம் வந்தால் காயில் போய்விட்டது. அந்த நேரத்தில் பின்னை விரலால் தொட்டுவிடாதீர்கள், சுரீர் என்று அடிக்கும். சில காயில் குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக இருந்து, சேரன்மாதேவி வரைக்கும் ஓட்டிச் சூடேறிய பிறகுதான் தன் குணத்தைக் காட்டும், ஆகவே ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்த உடனே இன்னொரு தடவை அளந்து பாருங்கள். காயிலைக் கழற்றுவது கவர், கேஸ்கட், ஆயில் எல்லாம் சேர்ந்த வேலை, பழக்கம் இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். திரும்பச் சுற்றிக் கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சூட்டைத் தாங்கும் கம்பியும் வார்னிஷும் போடுகிறவர்தானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

காயில் சரி, கப்ளர் சரி, ஆனாலும் ஏறவில்லை என்றால் ஆர்.ஆர். யூனிட். அதைத் திட்டும் முன் ஒரே ஒரு சோதனை. வண்டி நாலாயிரத்தில் ஓடும்போது மீட்டரை டி.சி.யில் வைத்து, ஒரு முனையை ஆர்.ஆர். யூனிட்டின் பாசிட்டிவ் வெளியீட்டு வயரிலும் மற்றதைப் பேட்டரி பாசிட்டிவ் முளையிலும் வையுங்கள். 0.2, 0.3க்குள் இருக்க வேண்டும். 0.9 காட்டினால், யூனிட் 14.2 கொடுத்தும் பேட்டரிக்கு 13.3தான் வருகிறது, மிச்சம் ஃபியூஸ் ஹோல்டரிலோ ஏதோ ஒரு இணைப்பிலோ சூடாகப் போகிறது. நெகட்டிவ் பக்கத்திலும் இதையே செய்யுங்கள். எர்த் சரியில்லாமல் நல்ல யூனிட்டை மாற்றியவர்கள் நிறைய. யூனிட்டுக்குள் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகளையும் மீட்டரின் டையோடு நிலையில் பார்க்கலாம்: யூனிட்டைத் தனியாகக் கழற்றி, மீட்டரின் சிவப்பு முனை மஞ்சளில், கறுப்பு முனை பாசிட்டிவ் வயரில் என்றால் 0.4, 0.6 போல வரும், மாற்றி வைத்தால் ஒன்றும் வராது. மூன்று மஞ்சளுக்கும் ஒரே மாதிரி. இரண்டு பக்கமும் காட்டினாலோ இரண்டு பக்கமும் காட்டாவிட்டாலோ அது போய்விட்டது. இந்தச் சோதனையில் தேறியும் வோல்ட்டைச் சரியாகப் பிடிக்காத யூனிட்டும் உண்டு, அதற்குத்தான் ஓடும்போது அளப்பது.

15க்கு மேல் போகும் வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள். பேட்டரி வயிறு உப்பும், அழுகிய முட்டை வாடை வரும், பல்பு அடிக்கடி போகும், அப்புறம் இன்ஜெக்ஷன் வண்டியில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வும் போகலாம், அதன் விலை பேட்டரி மாதிரி இல்லை. அந்த வாடை வரும்போது பக்கத்தில் தீக்குச்சி, பீடி எதுவும் கூடாது. பேட்டரியில் இருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும்.

பழைய 100 சிசி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹீரோ ஹோண்டா காலத்து வண்டிகளில் மூன்று மஞ்சள் இருக்காது. வெள்ளை வயர் பேட்டரிக்கும் மஞ்சள் வயர் லைட்டுக்கும் என்று தனித்தனியாகப் போகும், காயிலின் ஒரு முனை எர்த்தாகவே இருக்கும், ஆகவே எர்த்தோடு அளவு காட்டுகிறது என்று பயப்பட வேண்டாம். ரேஸ் கொடுத்தால் ஹெட்லைட் பிரகாசமாவதும் அவற்றுக்கு இயல்புதான். ரேஸ் கொடுத்ததும் பல்பு போய்க்கொண்டே இருந்தால் மட்டும் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள்.

சார்ஜிங் எல்லாம் சரி, ஆனால் நான்கு நாள் நிறுத்திவிட்டு வந்தால் பேட்டரி காலி. இது கசிவு. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, முளைக்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் நிலையில் தொடராக வையுங்கள். முதலில் 10 ஆம்பியர் ஓட்டையில், அளவு சின்னதாக இருந்தால் மில்லி ஆம்பியருக்கு மாற்றுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது செல்ஃபைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் என்றால் கடிகாரமும் ஈ.சி.யூ.வும் எடுப்பது, விட்டுவிடுங்கள். 50 காட்டினால் 5 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி 100 மணி நேரத்தில், அதாவது நான்கு நாளில் தீர்ந்துவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்தால் அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் ஆள் இருக்கிறான். பெரும்பாலும் நாமே பிறகு மாட்டிய ஜி.பி.எஸ்., அலாரம், சாவிக்குப் பிறகு எடுக்காமல் நேராகப் பேட்டரியில் கொடுத்த மொபைல் சார்ஜர். வாங்கிப் பூட்டிய ஃபாக் லைட்டுகள் வண்டி ஓடும்போதே பேட்டரியை இறக்கும், 55 வாட் பல்பு ஒன்றே நாலரை ஆம்பியர் இழுக்கும், அவ்வளவு உபரி நம் காயிலில் கிடையாது.

கோளாறே இல்லாமலும் பேட்டரி இறங்கும். வீட்டில் இருந்து மார்க்கெட், மார்க்கெட்டில் இருந்து பள்ளிக்கூடம் என்று ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு தடவை செல்ஃப் அடித்து, வண்ணாரப்பேட்டை சிக்னலில் ஐடிலிங்கில் நின்று ஓட்டுகிறவர்களுக்கு, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க நேரமே கிடைப்பதில்லை. கிக்கர் இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டை அதில் செய்யுங்கள், வாரம் ஒரு தடவை முக்கூடல் வரைக்குமாவது ஓட்டிவிட்டு வாருங்கள். வெளியே சார்ஜ் போடுவதானால் பேட்டரியின் ஏ.ஹெச்.சில் பத்தில் ஒரு பங்கு போதும், 5 ஏ.ஹெச்.சுக்கு அரை ஆம்பியர், பத்து பன்னிரண்டு மணி நேரம். கார் பேட்டரி சார்ஜரில் மாட்டி ஒரு மணி நேரத்தில் ஏற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

செய்யவே கூடாதவை மூன்று. வண்டி ஓடும்போது சார்ஜிங்கைச் சோதிக்கிறேன் என்று பேட்டரி வயரைக் கழற்றுவது: வோல்ட் சட்டென்று மேலே பாய்ந்து ஈ.சி.யூ.வையும் மீட்டரையும் சேர்த்துக் கொன்றுவிடும். போன ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டித் தாளையோ கம்பியையோ வைப்பது: அடுத்து எரியப்போவது வயரிங் கட்டுதான். ஓடிக்கொண்டிருக்கும் காரில் இருந்து கேபிள் போட்டு பைக்கை ஸ்டார்ட் செய்வது: கார் இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் உடனே சீட்டை மாட்டிவிடாதீர்கள். என் வண்டியில் அந்தக் கப்ளரை வெட்டி எறிந்து ஈயம் வைத்த பிறகு அதே பேட்டரியில் 14.1 வந்தது. அண்ணாச்சி அத்தோடு விடவில்லை, தாழையூத்து வரைக்கும் ஓட்டிவிட்டு வரச் சொன்னார், வந்ததும் மூன்று இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்த்தார். மூன்றும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி, ஒன்று மட்டும் சுட்டால் அந்த இணைப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் சாவி போடும் முன் ஒரு தடவை அளந்து, அந்த எண்ணையும் ரேஸ் கொடுத்தபோது வந்த எண்ணையும் தேதியோடு சீட்டுக்கு அடியில் மார்க்கரால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.